கழிப்பறைக்குப் பின்னால் இருந்த காடு

மெர்லாவின் விரல்கள், இரு முனையிலும் கப்பி வைத்த வேட்டை வில்லின் நாணில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து, விரல் சுடும்வரை மேலும் கீழும் இழுத்தாள். எதிரே, சமையலறை நாற்காலியில், ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் கணவன் கேலன் உட்கார்ந்திருந்தான். ஜூலைக் கடைசியில் ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தைச் சரிசெய்து, எலும்பைக் கம்பியால் கட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை அழுத்திக்கொண்டுதான் இரும வேண்டும்.

"கப்பிகிட்ட தேய்க்காம விட்டுட்ட," என்றான் கேலன்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது. அப்ப மாத்திரை டப்பாவும் தெரியும். எடுத்துப் போடு."

"சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன் மெர்லா. அதுக்குள்ள நீ ஒண்ணும் கொண்டு வரலேன்னா நானே மலைக்குப் போறேன்."

"போயி? தலையணையால அடிச்சுக் கொல்லப் போறியா?"

"சிரிச்சுக்க. நான் சொன்னா செய்வேன்னு உனக்குத் தெரியும்."

அது அவளுக்குத் தெரிந்ததுதான் தொல்லை. கல்யாணமான நாளிலிருந்து, வில் வேட்டைக்கு அனுமதி உள்ள எந்தச் செப்டம்பரிலும் கேலன் வீட்டில் உட்கார்ந்ததில்லை. குதிரை உயரத்துக்கு நிற்கும் எல்க் மான் ஒன்றின் கறி உறைபெட்டியில் இல்லாமல் குளிர்காலம் தொடங்குவது அவனுக்கு அவமானம். கடையில் வாங்கிய மாட்டுக்கறியை மருந்து தின்பதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்பான். மெர்லா வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலை செய்தவள், இன்னும் செய்கிறவள். நெஞ்சில் தையல் போட்ட ஒரு மனிதர் பேச்சைக் கேட்காமல் விறகு தூக்கி, எலும்பு விலகி, திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். வில்லை இழுப்பதற்கு முன்னால் விறகெல்லாம் ஒன்றுமே இல்லை. அவளுக்குத் தேவை ஒன்றுதான். சனிக்கிழமைக்குள் கொட்டகையில் கறி தொங்க வேண்டும்.

அதற்கான இடம் அவர்களிடம் இருந்தது. கொலராடோவில் அவர்கள் ஊருக்கு மேலே, பெக்கர் ஓடை மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வண்டிகள் நிறுத்த ஒரு திடல் உண்டு. திடலின் ஓரத்தில் அரசாங்கம் கட்டிய கழிப்பறை. அதன் பின்னால் மேட்டில் ஏறும் ஒரு துண்டு ஊசியிலைக் காடு, பகலிலும் இருட்டாக, ஆள் நுழையத் தோன்றாத அடர்த்தி. வில் வேட்டைக்காரர்கள் எல்லோரும் விடியும் முன்னே வந்து, நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு, கூட்டத்தைத் தாண்டிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கூட்டமாகவே மலை ஏறுவார்கள். மூச்சு வாங்க, தூரமாக, இன்னும் தூரமாக. அவர்கள் ஒரு வாரம் மேலே மிதித்த பிறகு, மேலே இருந்த எல்க் கூட்டம் கீழே இறங்கி வந்து இந்தத் துண்டுக் காட்டில் படுத்துக்கொள்ளும். வண்டிக் கதவு சாத்தும் ஓசைக்குப் பழகிய மான்கள் அவை.

இதைக் கண்டுபிடித்ததில் அறிவும் இல்லை, ஆற்றலும் இல்லை. ஒரு வருடம் மெர்லாவுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. கேலன் மலை ஏறிப் போய்விட, அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு, கழிப்பறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டையும் அதை முகர்ந்துகொண்டே ஒரு கிடாவும் சாவகாசமாக நடந்து வந்தன. கேலன் வெறுங்கையோடு திரும்பியபோது அவள் சொன்னாள். அவன் நம்பவில்லை. மறுநாள் நம்பினான். எந்த ரகசியத்தையும் காபிக் கடைவரைகூட அடக்கிவைக்கத் தெரியாத மனிதன், இந்த ஒன்றை மட்டும் சொந்தத் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை. மற்றவர்கள் பார்க்கும்போது இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாதையில் கொஞ்ச தூரம் ஏறுவார்கள், பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல உட்காருவார்கள், பிறகு காட்டுக்குள் திரும்பி இறங்கிவிடுவார்கள்.

இந்த வருடம் அந்த நாடகத்தை மெர்லா தனியாக ஆடினாள். புதன்கிழமை கொஞ்சம் கூடுதலாகவே ஏறிவிட்டாள், ஏனென்றால் மேலே ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஒரு கிடா கத்தியது. துருப்பிடித்த கதவாகத் தொடங்கி, சீழ்க்கையாக ஏறி, கனைப்பில் முடியும் கத்தல். மெர்லா மான் குரல் எழுப்ப வாய்க்குள் வைத்திருந்த சவ்வுத் துண்டால் பெட்டை மாதிரி மெல்ல முனகினாள். கிடா உடனே பதில் சொன்னது. அவள் முனக, அது கத்த, இருவரும் புதர் புதராக நெருங்கினார்கள். கடைசியில் விழுந்து கிடந்த ஒரு மரத்துக்கு அந்தப் பக்கம், கையில் கிடாபோலக் கத்த ஊதும் நீளக் குழலும் உதட்டில் சாக்லேட்டுமாக ஒரு பருத்த மனிதன் மண்டியிட்டிருந்தான்.

"நீங்க... மான் இல்லையா?" என்றான் அவன்.

"என்னைப் பார்த்தா அப்படியா இருக்கு?"

"மன்னிச்சுக்குங்க மேடம். குரல் அவ்வளவு அழகா இருந்துச்சு. நான் மயங்கிட்டேன்."

"அதை என் புருஷன் சொல்லணும். அவரே சொன்னதில்ல."

பின்னால் இன்னொருவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான். பருத்தவன் பெயர் டுவெய்ன், சிரித்தவன் அவன் மைத்துனன் லைல். மிச்சிகனிலிருந்து வந்தவர்கள். இதுவரை ஒரு எல்க்கின் வாலைக்கூடப் பார்த்ததில்லையாம். மெர்லா ஒரு காலைப் பொழுது வீணானதற்கு மனதுக்குள் வைதுவிட்டுக் கீழே இறங்கினாள். வெளியூர் நம்பர் பலகை போட்ட வண்டிகளை எண்ணிப் பார்த்து இன்னும் கொஞ்சம் வைதாள்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் ஏறிப் போகும்வரை வண்டியில் உட்கார்ந்திருந்தாள். குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து திடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கழிப்பறையைச் சுற்றிக்கொண்டு போனவள் நின்றாள். ஆயுள் முழுக்கப் படுக்கைத் துணி மாற்றியவளின் மூக்கு அது. ஈரத்தை முகர்ந்தே, இரவில் போனதா விடியலில் போனதா என்று சொல்லிவிடும். மதம் பிடித்த எல்க் கிடா தன் மூத்திரத்தையே வயிற்றிலும் கழுத்திலும் பூசிக்கொண்டு சேற்றில் புரளும். கழிப்பறையின் வாடை ஒரு பக்கம் இருக்க, அதிலிருந்து பிரிந்து, காரமாக, புதிதாக, இன்னொன்று மேட்டிலிருந்து இறங்கி வந்தது. விடியலில் போனது.

அவள் கத்தவில்லை. ஒரு வாரமாக மனிதர்களின் கத்தலைக் கேட்டு அலுத்த கிடா எந்தக் கத்தலுக்கும் வராது. கிடா புரளும் சேற்றுக்குழிக்குக் கீழே ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரே ஒருமுறை பெட்டையின் முனகலை விட்டாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குச் சம்பளம் வாங்கிச் செய்த வேலை. கிடா சத்தம் போடாமல் வந்தது. கழுத்து கறுத்து, வயிறு சேறாக, கொம்பில் புல் தொங்க. அது மரத்துக்குப் பின்னால் தலையை மறைத்த நொடியில் வில்லை இழுத்தாள். அம்பு விலா எலும்புகளுக்கு நடுவே சுத்தமாகப் போனது.

கிடா மேடேறி, முகட்டைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் மரங்கள் முறியும் ஓசையோடு விழுந்தது. வெகுநேரம் பொறுத்திருந்து அவள் இறங்கிப் பார்த்தாள். சூறைக்காற்றில் சாய்ந்த மரங்கள் தாறுமாறாகக் கிடக்கும் பள்ளம். இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே முதுகு சிக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. மெர்லா கையுறையைக் கழற்றி அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தாள். "ரொம்ப நன்றிப்பா," என்றாள். உடனே சட்டைக் கையை மடித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

மேல்புறத்துத் தோலை உரித்து, முன்காலையும் பின்காலையும் எடுத்து, துணிப்பையில் போட்டு நிழலில் தொங்கவிட்டாள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. கீழ்ப்புறத்து எலும்பை ஒட்டிய கறி வெப்பத்தை வெளியே விடாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. பெரிய உடம்பைப் புரட்டுவது அவள் தொழில்தான். முழங்காலை மடக்கி, தோளைப் பிடித்து, அடியில் விரிப்பைச் செருகி இழுத்தால் எப்பேர்ப்பட்ட மனிதரும் புரளுவார். இது மடங்கவும் இல்லை, ஒத்துழைக்கவும் இல்லை. கயிறு போட்டு இழுத்தாள். கம்பால் நெம்பினாள். வலது தோள்தான் விண்ணென்று தெறித்தது. மத்தியானம் ஆனால் பாதிக் கறி நாறிவிடும். மிச்சப் பாதியையும் கரடி விட்டுவைக்காது.

முகடேறித் திடலுக்கு இறங்கி வந்து செல்பேசியைக் கையில் எடுத்தாள். கேலன் எண்ணைத் தொட்டால் போதும். அரைமணியில் வந்து நிற்பான். வந்து சும்மா நிற்கமாட்டான். சனிக்கிழமையைத் தடுக்கக் கொன்ற மான், வெள்ளிக்கிழமையே அவனைப் பள்ளத்தில் இறக்கிவிடும். செல்பேசியைப் பைக்குள் போட்டாள்.

அப்போதுதான் பாதையில் டுவெய்னும் லைலும் இறங்கி வந்தார்கள். லைல் நொண்டினான். இருவரும் நேரே கழிப்பறையை நோக்கி நடந்தார்கள்.

மெர்லா அவர்களைப் பார்த்தாள். இவர்களைக் கூப்பிட்டால் இந்தக் காடு இன்றோடு போயிற்று. மிச்சிகன் முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த வருடம் இங்கே கூடாரங்கள் முளைக்கும். அவள் ஒரு மூச்சு இழுத்து விட்டாள்.

"ஏய் மிச்சிகன்! முதுகு நல்லா இருக்கா?"

"எதுக்குக் கேக்குறீங்க மேடம்?"

"ஒரு கிடா விழுந்து கிடக்கு. புரட்ட முடியல. வெயில் ஏறுது."

டுவெய்ன் முகம் மலர்ந்தது. "எவ்வளவு தூரம் நடக்கணும்?"

மெர்லா கட்டைவிரலால் கழிப்பறைக்குப் பின்னால் காட்டினாள். டுவெய்ன் காட்டைப் பார்த்தான், கழிப்பறையைப் பார்த்தான், மைத்துனனைப் பார்த்தான்.

"லைல், நாம தினமும் காலையில இங்கதானடா..."

"பேசாத. கதவைத் திறந்துவெச்சுட்டுப் போயிருந்தாக்கூட ஒண்ணைப் பார்த்திருப்போம்."

அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. டுவெய்ன் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலைக்காரன். ஒரு மரத்தின் அடியில் தோளைக் கொடுத்துத் தூக்க, லைல் கயிற்றை இழுக்க, மெர்லா கால்களைப் பிடித்துத் திசை சொன்னாள். "முட்டியை மடக்கு. முதுகால தூக்காத, தொடையால தூக்கு. உன்னையும் நானே கவனிக்க வேண்டி வரும்." கிடா புரண்டது. கறி இன்னும் கெடவில்லை. மெர்லா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். லைல் கால் வலியோடு இரண்டு தடவை மேடேறினான். டுவெய்ன் பின்னங்காலைச் சுமந்தபடி எருமைபோல மூச்சு வாங்கினான். வழி முழுக்க அவர்களே அந்த மானைக் கொன்றதுபோலச் சந்தோஷமாக இருந்தார்கள். ஒரு முன்காலை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு பேருக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு துண்டு போதும் என்று அதை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கொட்டகையில் கறி தொங்கியது. கேலன் ஒவ்வொரு பையாகச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"இதை யார் தூக்கினா?"

மெர்லா சொன்னாள். கேலன் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நம்ம இடத்தைக் காட்டிட்ட."

"ஆமா."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணியிருந்தா நீ வந்து கரையில நின்னு வேடிக்கை பார்த்திருப்ப, இல்ல?"

கேலன் தலையணையின் ஓரத்தை விரலால் திருகினான்.

"உனக்குக் கம்பி போட ஒரு வாட்டி பார்த்தாச்சு. இன்னொரு வாட்டி நான் பார்க்க மாட்டேன். இடம்தானே, போனாப் போகட்டும்."

மெர்லா ஈரலை வெங்காயத்தோடு வதக்கித் தட்டில் வைத்தாள். பாதி தின்ற பிறகு கேலன் கேட்டான்:

"காத்து எந்தப் பக்கம் இறங்கும்னு சொன்னியா அவங்களுக்கு?"

"இல்ல."

"குழல் ஊதக் கூடாதுன்னு?"

"அதுவும் சொல்லல."

"அப்ப நாளைக்கே எல்லாத்தையும் விரட்டி விட்டுருவானுங்க. அந்தக் குண்டன் ஊதுறது நம்ம வாசல் வரைக்கும் கேக்கும்." தட்டை நகர்த்தினான். "இடம் போனதுதான் போச்சு, அந்தப் பசங்களாவது ஒரு எல்க்கைப் பார்க்கட்டும். காலையில நானும் வர்றேன். வண்டியிலதான் இருப்பேன். சத்தியமா."

மெர்லா அவன் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள்.

சனிக்கிழமை விடியும் முன் அவர்கள் திடலுக்குப் போனபோது, டுவெய்னும் லைலும் நெற்றி விளக்கோடு மலைப்பாதையில் கால் வைத்திருந்தார்கள். லைல் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். கேலன் கண்ணாடியை இறக்கினான்.

"எங்கப்பா போறீங்க?"

"மேலே," என்றான் டுவெய்ன். "அது உங்க இடம். கூப்பிடாம உள்ள போறது சரியில்லன்னு..."

கேலன் கட்டைவிரலால் கழிப்பறைக்குப் பின்னால் காட்டினான். "கூப்பிடுறேன். குழலை மட்டும் வண்டியில வெச்சுட்டுப் போ. விளக்கை அணை."

மெர்லா அவர்களைக் கழிப்பறைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். நொண்டும் லைலைச் சேற்றுக்குழிக்குக் கீழே, நேற்று தான் சாய்ந்திருந்த மரத்தடியில் உட்காரவைத்து, இடைவெளி எங்கே என்று கையால் காட்டினாள். டுவெய்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்து, வாயைத் திறக்காதே என்று சைகை செய்தாள். திரும்பி வந்து வண்டியில் ஏறி, குடுவையிலிருந்து கேலனுக்குக் காபி ஊற்றினாள். இருவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளிச்சம் வரும்வரை காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.