நெற்றிக்காசு

என் கணவருக்கு நாணயம் சேர்க்கும் சீக்கு ஒரு மீன்காரியால் வந்தது. பினாங்குப் பாசாரில் மீன் வாங்கியபோது அவள் கொடுத்த சில்லறையில் தராசு பொறித்த செம்புக்காசு ஒன்று இருந்தது. கும்பெனி காலத்துக் காசு. செதிள் ஒட்டியிருந்த அதை வேட்டியில் துடைத்தார், மோந்தார், கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்போது கல்யாணமான புதிது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

யாருக்கும் இது இப்படித் தற்செயலாகத்தான் தொடங்கும் போல. விடாமல் தொடர்வதற்கு வேறொரு குணம் வேண்டும்: எதையும் தொடக் கூசாத குணம். அவருக்கு அது வேண்டிய மட்டும் இருந்தது. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை. சட்டைக் கழுத்தில் பொட்டு அழுக்கு இருந்தால் என்மேல் எரிந்து விழுவார். அதே மனுஷர் சாக்கடையில் கிடந்த காசு, வெற்றிலை எச்சில் காய்ந்த காசு எல்லாவற்றையும் கொண்டுவந்து என் ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் விட்டு ஊறப்போடுவார். ஒருநாள் நான் புளி போட்டுத் தேய்க்கப் போனேன். "ஐயையோ, தொடாதே! அந்தக் கறுப்புக்குத்தான் மதிப்பு!" என்று கத்தினார். மதிப்பாம். எண்ணெயில் மிதந்த பச்சைக் களிம்பைப் பார்த்த பிறகு நான் ஊறுகாயே போடவில்லை.

அப்புறம் சாவு வீடுகள். இறந்தவர் நெற்றியில் காசு ஒட்டுவது நம் வழக்கம். பழைய குடும்பங்களில் ஊரிலிருந்து கொண்டுவந்த காசைப் பெட்டியடியில் தேடி எடுத்து ஒட்டுவார்கள். அது தெரிந்ததிலிருந்து பினாங்கில் எந்தத் தமிழர் இறந்தாலும் இவர் முதல் ஆளாக நின்றார். மாலையைப் போட்டுவிட்டு முகத்தருகே வெகுநேரம் குனிந்திருப்பார். "எவ்வளவு பாசம் பாருங்க," என்று பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அவர் காசில் வருஷத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கல்லவா தெரியும்!

என் அப்பா எங்களோடுதான் இருந்தார். மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்தவர். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறியபோது இடுப்பில் முடிந்துவந்த, அம்மன் உருவம் பொறித்த அம்மன் காசு ஒன்று அவரிடம் இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான்.

"அத என்கிட்ட குடுத்துடுங்களேன் மாமா, பத்திரமா வச்சிக்கிறேன்," என்று இவர் ஓயாமல் அரித்தார்.

"அம்மாளோட வந்தேன் மாப்ள, அம்மாளோடயே போறேன். நான் போறப்ப அது என் நெத்தியில இருக்கணும்," என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் பாத்துக்கணும் தாயி," என்றார்.

அவர் இறந்ததும் நானே சந்தனம் குழைத்து அம்மன் காசை ஒட்டினேன். பாடை தயாரானது. வாய்க்கரிசி போடக் குனிந்தேன். அப்பா நெற்றியில் ராஜா இருந்தார்.

அந்நாளில் இங்கே ஒரு காசு நாணயம் சதுரமாக, மூலை மழுங்கி, ராஜா தலையோடு இருக்கும். அதை ஒட்டிவிட்டு அம்மனை எடுத்திருந்தார் என் வீட்டுக்காரர். என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் போய், "எடுங்க," என்றேன்.

"என்னத்த?"

"எங்கப்பா காச. இல்லாட்டி இப்பவே கத்தி ஊரக் கூட்டிருவேன்."

"நெருப்புல போற காசு லா, கொஞ்சம் யோசிச்சிப் பாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே பஞ்சில் பொதிந்து வைத்திருந்தார். பிணத்தின் நெற்றியைச் சுரண்ட முன்கூட்டியே பஞ்சோடு வந்திருக்கிறார்! நான் வாங்கி மறுபடி ஒட்டினேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பாடை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் தலைமுழுகிவிட்டு வந்தவர் கொல்லையில் என்முன் கையை விரித்தார். அம்மன் காசு. சந்தனம்கூட உதிரவில்லை.

"திருடல. அங்க எரிக்கிறவருகிட்ட அரை வெள்ளி குடுத்து வாங்கினேன். எப்படியும் அவரு எடுத்துக்கிறதுதான். இப்ப நியாயந்தானே?" என்றார் முகமெல்லாம் மலர.

நான் காசைப் பிடுங்கி முந்தானையில் முடிந்தேன். "பத்திரம், கீறல் விழுந்துடப் போவுது," என்றார்.

மறுநாள் அஸ்தி கரைக்கக் கடற்கரைக்குப் போனோம். என் தம்பி கலயத்தோடு படகில் ஏறப் போனான். அவனை நிறுத்தி, முந்தானையை அவிழ்த்து, இவர் கண்ணெதிரேயே காசைச் சாம்பலுக்குள் அழுத்தினேன். கலயத்தின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி அனுப்பினேன். "அடியே!" என்று இவர் தண்ணீருக்குள் இறங்கினார், முழங்காலுக்கு மேல் போகப் பயம். படகு தூரத்தில் போய் நின்றது. தம்பி கலயத்தைக் கவிழ்த்தான்.

அப்பா இறந்ததிலிருந்து கண் கலங்காத மனுஷர் அப்போதுதான் அழுதார்.