படத்தில் சிரித்தவள்

மகளின் புதுப் பாடப்புத்தகத்தைப் பிரித்ததும் பசை வாசம் அடித்தது. அடிமைகளைப் பற்றிய பாடத்தின் படத்தில், எஜமானிக்கு விசிறியபடி ஒரு பெண் சிரிக்கிறாள். முப்பது வருடங்களுக்கு முன் என் புத்தகத்திலும் இப்படியே சிரித்தாள்.

அப்போது அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை. மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு பங்களா. பஞ்சத்தில் இரண்டு மூட்டைச் சோளத்துக்கு, அந்த வீட்டு எஜமானி பேகத்திடம் பெற்றோரால் வேலைக்கு விடப்பட்டவள் குலாப். என் வயதுதான், உருது பேசுகிறவள், எங்களோடு பேசித் தமிழ் பழகியவள். நான் பாடம் படிக்கையில் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"கைக்கு? ஏன் சிரிக்கிறா இவ?"

"எஜமானி நல்லவங்களாம். புத்தகத்துல போட்டிருக்கு."

"நக்கோ, இல்ல, பொய்யி. பேகம் பார்க்கறப்போ நானும் இப்படித்தான் சிரிப்பேன்."

மறுநாள் பரீட்சையில் அதே கேள்வி. பிரம்புக்குப் பயந்து புத்தகத்தில் இருந்ததையே எழுதினேன். முழு மார்க். அதன்பின் குலாப்பைப் பார்க்கக் கூசி, சுவர்ப் பக்கமே போகவில்லை.

இன்று மகள் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"அம்மா, இவ ஏன் சிரிச்சான்னு கேட்டிருக்கு. என்ன எழுத?"

"எஜமானி பார்த்துட்டு இருந்ததாலன்னு எழுது."

"புத்தகத்துல அப்படி இல்லியே. டீச்சர் அடிப்பாங்க."

"நான் வந்து டீச்சர்கிட்ட சொல்றேன்" என்றேன். எந்த டீச்சரிடமும் நான் இதுவரை வாய் திறந்ததில்லை.