ஆண்டவர் அனுப்பியவளுக்கு நான் கதவைச் சாத்தினேன்

1956-ல், மழை பிடித்துக்கொண்ட மாதத்தில், கல்யாணமாகி வெகுகாலம் கழித்து எங்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. கிருபா என்று பெயர் வைத்தோம். பிறந்த சில நாளிலேயே எனக்கு மார்பில் கட்டி வந்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்கள். அதோடு பால் நின்றுபோனது. டின் பால் கரைத்துக் கொடுத்தோம், கக்கினாள். பசும்பாலும் வயிற்றில் தங்கவில்லை. வற்றிப்போய், அழத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தாள். டாக்டரம்மா என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, பால் கொடுக்கிற பெண் யாராவது கிடைத்தால் பாருங்கள், இல்லாவிட்டால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நான் கட்டிலை விட்டு இறங்கி முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்." வேறு வார்த்தையே வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் எங்களுக்காக ஜெபிக்கச் சொன்னாராம். ஆராதனை முடிந்த கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், ராஜம்மா.

ராஜம்மா அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருப்பவள். புருஷனுக்குத் தெரு கூட்டுகிற வேலை. எங்கள் சபைதான். ஆனால் கோயிலில் நாங்கள் பெஞ்சில், அவர்கள் கடைசியில் பாயில். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே நடந்துகொண்டிருந்தது. எங்கள் தாத்தா காலத்தில் மதம் மாறினோம். சாதியை மட்டும் பத்திரமாகக் கூடவே கொண்டுவந்துவிட்டோம்.

அவள் படியில் ஏறாமல் கீழேயே நின்றாள்.

"டீச்சரம்மா, என் பிள்ளை போன வாரம் காய்ச்சல்ல போயிடுச்சி. பால் இன்னும் நிக்கல. பாப்பாவுக்குக் குடுக்கட்டுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேறு ஆள் ஏற்பாடாகிவிட்டது என்றேன். பொய். அவள் திரும்பிப் போனாள். நான் கதவைச் சாத்தினேன். அந்தப் பால் குடித்தால் என் பிள்ளை என்னவாகும், ஊரிலிருந்து மாமியார் வந்து கேட்டால் என்ன சொல்வது, இதுதான் என் பயம். பிள்ளை சாகப்போகிறாள் என்கிற பயம்கூட இதற்குப் பின்னால்தான் நின்றது. இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு நாக்கு கூசுகிறது.

மத்தியானம் குழந்தையின் முனகலும் நின்றுவிட்டது. மூச்சு மட்டும் இருந்தது. மறுபடி முழங்கால் போட்டு, "யாரையாவது அனுப்பும்" என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. அனுப்பியாகிவிட்டது, நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்காரர் மருந்துக்குப் போயிருந்தார். ஜட்கா வண்டி பிடிக்கக்கூடத் தோன்றவில்லை. குழந்தையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு, கீறின புண் விண்விண்ணென்று தெறிக்க, தூறலில் நடந்தேன். அந்தச் சந்துக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. ராஜம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "குளிச்சிட்டு வந்து குடுக்கிறியா?" என்று கேட்டேன்.

"காலையில உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே குளிச்சிட்டேம்மா" என்றாள்.

தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. குழந்தையைக் கொடுத்தேன். முதலில் வாய் பற்றவில்லை. ராஜம்மா பாலைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டாள். பிறகு சப்புகிற சத்தம் கேட்டது. அவளுடைய பிள்ளையின் தூளி இன்னும் அவிழ்க்காமல் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றே நான் மாறிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மாறவில்லை. அவள் தினமும் வீட்டுக்கு வந்து பால் கொடுத்தாள். என் பிள்ளை அவள் மடியில் தேறினாள். அவளுக்குக் காபி மட்டும் தனி டம்ளரில் கொடுத்தேன். குடித்துவிட்டு, அவளே கழுவி ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்துவைப்பாள். சில மாதம் கழித்து ஒருநாள், ஒரு கையில் கிருபாவை இடுக்கிக்கொண்டு மறுகையால் அந்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தது. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மன்னிக்கச் சொல்லி அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால், "பிள்ளை பசிக்குத்தாம்மா வந்தேன். உங்களுக்காக வரல" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு நான் கோயிலில் பெஞ்சுக்குப் போகாமல் பின்னால் போய்ப் பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னால் தலைகள் திரும்பின. மாமியார் இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ராஜம்மா மட்டும் அன்றைக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

கிருபா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பிள்ளையைப் பிழைக்கவைத்த ஆண்டவருக்குத் தோத்திரம். நான் கதவைச் சாத்தின பிறகும், திறந்துகொண்டு போக என் காலுக்குப் பலம் கொடுத்தாரே, அதற்காகவும் தோத்திரம். சகோதரிகளே, தைரியமாகக் கேளுங்கள், அவர் அனுப்புவார். யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இன்றைக்குக் கோயிலில் சாட்சி சொல்லப்போகிறேன், வாருங்கள் அக்கா என்று ராஜம்மாவைக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சதுதானே, நான் கேட்டு என்ன ஆவப்போவுது? பெஞ்சில உக்காந்திருக்கறவங்ககிட்ட போய்ச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன்.