நான் வெட்டிய நாலு நிமிடம்

"…ரத்தமே கெடையாதுன்னு வீடியோல நீங்கதான தம்பி சொல்லுதீய, பெறவு அந்த மாத்திரையப் பத்தி டாக்டர்ட்ட எதுக்குச் சொல்லணும்னு சொல்லாமலே இருந்துட்டேன்" என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி, தோசையைப் பிய்த்தபடி. தம்பானூரில் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டல். அவருக்கும் என் ஊரான வள்ளியூர்தான், ஆனால் அரைமணி நேரப் பழக்கம். பக்கத்து மேசையில் நான் டீ சொன்னதைக் கேட்டு, "இந்தக் கொரலு எங்கயோ…" என்று எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தவர். இந்த மலையாள ஊரில் எனக்கு அடிக்கடி நடக்கும் விசித்திரம் இது. என் முகம் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வருகிற நம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் குரல் தெரியும்.

நாளைக் காலை அவருக்குப் புராஸ்டேட் ஆபரேஷன். அவர் சொல்லாமல் விட்டது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாள் முதல் ரத்தம் உறையாமலிருக்க விழுங்கும் மாத்திரை. இன்று காலையும் ஒன்று போட்டிருக்கிறார்.

ஊரில் நான் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். எடிட்டிங்கை யாரிடமும் படிக்கவில்லை, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. அந்தத் தொழிலில் முதல் பாடமே வேண்டாததை வெட்டுவதுதான். பந்தியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனது, முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனது எதுவும் கேசட்டில் வராது. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி வந்து இந்த ஊர் ஆரியசாலையில் மாடி அறை ஒன்று பிடித்தபோது, கையோடு வந்தது அந்தப் பழக்கம்தான்.

இங்கே ஒரு யூரோலஜி சர்ஜன் கிடைத்தார், நாளை அண்ணாச்சிக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவரும் அவர்தான். அவருடைய ஆபரேஷன் வீடியோக்களை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றுவது என் வேலை. நம் பக்கத்து ஆட்களுக்காகத் தமிழில் பேசுவதும் நானே. வீடியோ பார்த்தவன் மறுநாள் ஓ.பி.யில் வந்து நிற்க வேண்டும் என்பார் அவர். என் வேலையை நம்பி யாராவது இப்படிச் சொன்னால் எனக்கு இனிக்கும். அந்த இனிப்பிலேயே பல காரியங்களுக்குத் தலையாட்டியிருக்கிறேன். ஒரு லேசர் ஆபரேஷனில் நாலு நிமிடம் திரை முழுக்கச் சிவப்பு, ஒன்றும் தெரியவில்லை. "ஆளுகள் பேடிக்கும், அது வேண்டா" என்றார். பயந்துவிடுவார்களாம். வெட்டினேன். அந்த நோயாளி தேறிவிட்டதால் மனசும் உறுத்தவில்லை. தமிழ்ப் பதிப்பில், "ரத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை" என்று குழைந்து பேசியும் வைத்தேன்.

போன மாதம் அவரிடம் மேற்படிப்புப் படிக்கும் அஞ்சனா டாக்டர் என்னைத் தேடி வந்தார். இணையத்தில் இருக்கும் ஆபரேஷன் வீடியோக்களை எவ்வளவு நம்பலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கேட்காமல், கேள்வித்தாளைப் பார்த்து மார்க் போட வேண்டும். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், மருத்துவம் படிக்காத வெளியாளாக நான். தமிழ்க்குரல் மட்டும்தான் என்னுடையது என்று அவர் நினைத்திருந்தார், வெட்டுவதும் நான்தான் என்று தெரியாது. பதினோராவதாக வந்து நின்றது நான் வெட்டிய வீடியோ, என் குரலில்லாத ஆங்கிலப் பதிப்பு. 'சிக்கல்கள் காட்டப்பட்டனவா?' என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள்: காட்டினார்கள், காட்டவில்லை, சிக்கலே இல்லை. "டாக்டரே, இதுல தெரியாத சங்கதி ஒண்ணு…" என்று இழுத்தேன். மார்க் போடும் விதியில் சந்தேகம் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "காணுந்நதினு மாத்ரம் மார்க்கு." கண்ணில் தெரிவதற்கு மட்டும். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தேன். நர்ஸும் அதையே அடித்திருந்தார். "ரெண்டாளும் ஒரே மார்க்கு" என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கலந்து பேசாத இருவர் ஒன்றையே சொன்னால் அது தரமான மதிப்பீடாம். நர்ஸ் தெரியாமல் அடித்தார். நான் தெரிந்து அடித்தேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எனக்கு வரும் வேலை முழுவதும் அந்தச் சர்ஜனிடமிருந்து. என் மகள்கள் சண்டை போடுவதுகூட மலையாளத்தில்தான். வள்ளியூரில் இன்று கல்யாணத்துக்கு டிரோன் பறக்கிறது. என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்? மலைக்கு அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை, இந்தப் பக்கம் இவரை விட்டால் வேறு ஆள் இல்லை.

அண்ணாச்சி தோசையை முடிக்கப் போகிறார். டீ ஆறிவிட்டது.

"ரத்தம் வந்துச்சு அண்ணாச்சி. நாலு நிமிஷம். நாந்தான் வெட்டுனேன். அந்த மாத்திரைய இப்பவே சொல்லியாகணும்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏ, அது என்ன கல்யாண வீட்டு கேசட்டாடே, வேண்டாததை வெட்ட?"

அவரே தொடர்ந்தார்.

"சரி, எனக்கு இந்த ஊர்ப் பேச்சு வராதே. என்னன்னு சொல்ல?"

"தமிழ்லயே சொல்லுங்க, புரியும்."

"ரத்தம் வராதுன்னு ஒமக்கு எவன் சொன்னான்னு கேட்டா?"

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து ஃபைலை எடுத்தார். அட்டையில் டியூட்டி டாக்டரின் எண், அஞ்சனா டாக்டருடையது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். "ஹலோ, ஆராணு?" என்று யார் பேசுவதெனக் கேட்டது அஞ்சனா டாக்டரின் குரல். போனைத் தட்டைத் தாண்டி என் பக்கம் தள்ளிவிட்டு, இனிப் பேச வேண்டியது நான்தான் என்பதுபோல் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.