கைராசிக்காரி கொடுத்த கன்று

அழுகிய செடியின் கன்று என்று தெரிந்தேதான் கொடுத்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று உங்களிடமும் நடிக்க எனக்குத் தெம்பில்லை.

நான் இந்தத் தீவில், மரைன் ஹில் பகுதியில் குடியிருக்கும் ஆசிரியை. வீட்டின் சிறிய அறையில், ஏ.சி. குளிரில், மண்ணே இல்லாமல், குழாய்களில் ஓடும் தண்ணீரில் ஸ்ட்ராபெரி வளர்க்கிறேன். இந்தப் புழுக்கத்தில் ஸ்ட்ராபெரியா என்று சிரித்தவர்களே பழத்தைத் தின்றுவிட்டுக் 'கைராசிக்காரி' என்றார்கள். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? அந்த இனிப்புதான் என்னைக் கெடுத்தது.

கீழ்வீட்டு சுலைமான் பாய்க்குப் பக்கவாதம் வந்து வலக்கை நடுங்கத் தொடங்கியது. கடையை விட்டார், பேச்சை விட்டார், சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார். ஒருநாள் அவர் மனைவி மும்தாஜ் அக்கா அவரைக் கைத்தாங்கலாக என் அறைக்கு அழைத்து வந்தார். பழங்களைப் பார்த்து அந்த மனிதர் சிரித்தார்! வாய்விட்டுச் சிரித்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பாய் தன் வீட்டிலும் குழாய் பொருத்தினார். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் செடிகளை வரவழைத்தார். நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உரக்கரைசல் அளந்தார். செடிகள் பூத்தன. அதைக் காட்ட அக்கம்பக்கத்தாரை விருந்துக்கு அழைத்தார். குழாயில் செடி வைக்கும் ஒரே ஒரு துளை மட்டும் காலியாக இருந்தது.

"டீச்சரம்மா, அந்த எடத்துக்கு உங்க கையால ஒரு கன்னு வேணும். உங்களுக்குப் பக்கா கைராசி" என்றார். விருந்தாளிகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தருகிறேன் என்றேன்.

என் தாய்ச்செடி ஒன்று தனி வாளியில் இருந்தது. அது விட்ட கொடியின் நுனியில் ஒரு குட்டிச் செடி. அதைத் தென்னைநார் நிரப்பிய கிண்ணத்தில் பதித்து, வேர்விடும்வரை கொடியை அறுக்காமல் காத்திருந்தேன். அறுக்கவேண்டிய காலையில் தாய்ச்செடியைத் தூக்கிப் பார்த்தேன். வேரெல்லாம் பழுப்பேறிக் கொழகொழத்திருந்தது. அந்த நாற்றம்... சோப்புப் போட்டுக் கழுவியும் விரலை விட்டுப் போகவில்லை.

ஓடும் தண்ணீரில் ஒரு செடி அழுகினால் மற்றவையும் அழுகும். எனக்குத் தெரியாதா? ஊருக்கே பாடம் நடத்தியவள் நான்தானே! 'பாய், என் செடிக்கு நோய்' என்று ஒரு வார்த்தை... வாய் வரவில்லை. கைராசிக்காரியின் செடி அழுகலாமா? கன்றின் வேர் வெள்ளையாகத்தானே இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொடியை அறுத்தேன். கீழே கொண்டுபோய் என் கையாலேயே வைத்தேன். பாய் பிஸ்மில்லா சொன்னார்.

மேலே வந்ததும் தாய்ச்செடியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். வாளியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். என் செடிகளைக் காப்பாற்ற மட்டும் எனக்குப் புத்தி இருந்தது.

காய்கள் சிவப்பதற்குள் அவருடைய செடிகள் அத்தனையும் துவண்டு விழுந்தன. நான் போனபோது தன் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உரத்தக் கூடக் கலந்துட்டேன் போல. இந்தக் கை ஏக்தம் பேகார் ஆயிருச்சு, ஒண்ணுத்துக்கும் ஒதவல."

சொல்லவேண்டிய இடம் அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கரண்டு அடிக்கடி போச்சுல்ல பாய், அதனால இருக்கும்."

"கரண்டு உங்களுக்கும்தானேம்மா போச்சு" என்றார்.

மறுபடியும் படுத்துவிட்டார். சில நாள் கழித்துக் குழாய்களை மும்தாஜ் அக்கா என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார். "உங்ககிட்ட இருந்தா நல்லா வரும்னாரு. மொதப் பழத்த மட்டும் அவருக்குக் காட்டுங்க." வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வேன்? வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குழாயில் பழுத்த முதல் பழத்தை நேற்று கொண்டுபோனேன். அவர் அதைத் தின்னவில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்:

"பாத்தியா, அதே குழாதான். தப்பு கையிலதான் இருந்திருக்கு."

ஆமாம் பாய், கையில்தான்... என் கையில். அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டேன்.

கீழ்வீடுதான். இறங்கிப் போய்ச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? முகம் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.