ஒட்டிக்கொண்ட கடைசி அத்தியாயம்

மார்லிஸ் ஓஸ்ட்பி யாரையும் லேசில் நம்பமாட்டாள். சுப்பீரியர் ஏரிக்கரையில், இரும்புத்தாது ஏற்றும் கப்பல்கள் வந்துபோகும் அந்தச் சின்ன ஊரில் அவள் ஆறாம் வகுப்பு ஆசிரியை. வீட்டுப்பாடம் கொஞ்சம் அழகாக இருந்துவிட்டால் போதும், "எழுதினது அம்மாவா, அப்பாவா?" என்பாள்.

வசந்தம் வந்தால் வகுப்பில் ஒரே நாவல்தான். கதையில், ஒரு குகைக்கு அந்தப்பக்கம் யாருக்கும் வயதே ஏறாத நாடு. அங்கே போகிற ஓர் அண்ணன், தங்கை. அத்தியாயத்துக்கு அத்தியாயம் புதுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதுவாள். பிள்ளைகள் அவற்றை வைத்து வாக்கியம் அமைக்க வேண்டும்.

"தயக்கம்" என்ற சொல்லுக்கு லானி காங்கஸ் சொன்னான்: "மிஸ் கேள்வி கேட்டா பதில் தெரிஞ்சாலும் எனக்குத் தயக்கம்தான்."

வகுப்பே சிரித்தது. மார்லிஸ் சிரிக்கவில்லை.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது பாதிப் புத்தகங்களில் அந்தப் பக்கங்கள் பிரியாமல் ஒட்டிக்கிடந்தன. முகர்ந்து பார்த்தாள். மேப்பிள் பாகு. மரச் சாற்றிலிருந்து அந்தப் பாகை வீட்டில் காய்ச்சுவது லானியின் அப்பா. ஒரு பாட்டில் கொண்டுவந்து வகுப்பு அலமாரியில் வைத்தவனும் லானிதான்.

"இது உன் வேலைதானே?"

"சத்தியமா இல்ல மிஸ். பாகைப் போய் யாராவது புத்தகத்துக்குக் குடுப்பாங்களா?"

அவன் விளையாட வெளியே போகக் கூடாது என்றாகிவிட்டது. இடைவேளை முழுக்க அவளுடைய மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஆனாலும் மறுநாள் இன்னும் இரண்டு புத்தகங்கள் ஒட்டிக்கொண்டன.

அன்று மதியம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் மார்லிஸ் கோட்டுகள் தொங்கும் அறைக்குள் ஒளிந்து நின்றாள். அதே வகுப்பு மாணவி பிரிட்டா சாரி வகுப்புக்குள் வந்தாள். அதிர்ந்து பேசாதவள், இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாத பெண். நேராக அலமாரிக்குப் போய்ப் பாட்டிலைத் திறந்தாள்.

"நீயா?"

பிரிட்டா ஓடவில்லை. விரலில் பாகு வழிந்தது.

"முடிவ நான் முன்னாடியே படிச்சுட்டேன் மிஸ். அண்ணன அங்கயே விட்டுட்டுத் தங்கச்சி மட்டும் திரும்பி வந்து வளந்துடறா. வகுப்புல அதப் பத்திப் பேசச் சொல்வீங்க. எல்லாரும் என்னையே பாப்பாங்க."

அவளுடைய அண்ணன் ஈரோ இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு உறைந்த ஏரியில் பனி உடைந்து மூழ்கிப்போனவன். அப்போது அவனுக்குப் பதினொரு வயது.

"அடுத்த வாரம் எனக்குப் பன்னெண்டு" என்றாள் பிரிட்டா. "அவன விட நான் பெரியவளாயிடுவேன்."

மார்லிஸ் பாட்டிலை வாங்கி மூடினாள். தன் கைக்குட்டையால் அந்த விரல்களைத் துடைத்துவிட்டாள்.

மணி அடித்ததும் வகுப்பின் முன்னால் நின்று, "லானி, நான் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சுடு" என்றாள். யார் செய்தது என்று சொல்லவில்லை.

"பரவால்ல மிஸ். மிச்சப் பாகையாவது நான் எடுத்துக்கலாமா?"

அந்த வருஷம் கடைசி அத்தியாயத்தை வகுப்பில் படிக்கவில்லை. வேண்டியவர்கள் வீட்டில் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். பிறந்தநாளன்று பிரிட்டா பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்து, மார்லிஸின் சொந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிப்போனாள். திருப்பிக் கொடுக்கும்போது முகம் கடுகடுவென்று இருந்தது.

"அந்தத் தங்கச்சி திரும்பிப் பாக்காம கெளம்பினது தப்பு மிஸ். அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும்."

"ஆமா" என்றாள் மார்லிஸ். "தப்புதான்."