மாமாவின் இரண்டு தோட்டாக் கோதுகள்

அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாமா கரப்பான் பூச்சியைக் கண்டாலே கதிரையில் ஏறுபவர். அப்படிப்பட்டவர்தான் ஹவுன்ஸ்லோவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் இரண்டு வெறும் தோட்டாக் கோதுகளை நிறுத்தி வைத்து, எந்தத் தோட்டாவால் மான் சுடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவர் இருந்த மாநிலத்தில் கைத்துப்பாக்கியால் மான் சுடச் சட்டம் இடம் கொடுத்ததாம். தோட்டா மட்டும் சொன்ன பருமனுக்குக் குறையக் கூடாது. ஒன்று சட்டத்தின் விளிம்பில் நின்ற மெல்லியது, கைக்கு நோகாது. மற்றது தடித்தது, மணிக்கட்டை உலுக்கிவிடும். மான் இன்னும் காட்டில் நிற்க, மாமா கறிக்குப் போடும் சரக்குத்தூள் வரைக்கும் போய்விட்டார்.

எனக்கு ஒன்பது வயது. மானைச் சுடவே கூடாது என்பது என் கட்சி. மாமாவின் அக்காவான சின்னம்மாவை என் பக்கம் இழுத்துவிட்டால் மாமா அடங்கிவிடுவார் என்று நம்பினேன். சின்னம்மா அந்த வருடம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தனியே வந்திருந்தார். அவருடைய மகன் டியூசனுக்குச் சைக்கிளில் போனவன், திரும்பவில்லை. அவனைச் சுட்டதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அவன் வாழைத்தோட்டத்துக்குள் ஓடியதையும் கண்டார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் எவரும் இல்லை. வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஞாயிறன்று மாமாவுக்கு மான் காட்ட, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு ரிச்மண்ட் பூங்காவுக்குப் போனோம். பனிப்புகார் இறங்கி, மரங்கள் அரைவாசிதான் தெரிந்தன. எங்கோ ஆண்மான்கள் அடித்தொண்டையில் கத்தின. எனக்குப் பயமாக இருந்தது. இருந்தாலும் மாமா வந்திருக்கும் செய்தியை மான்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமே. அவர் பையிலிருந்த மெல்லிய கோதை எடுத்து, வாயில் வைத்து ஊதினேன். கூரான விசில் ஒன்று எழுந்தது. கத்தல் நின்றது. புகாருக்குள்ளிருந்து தலைகள் ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பின.

சின்னம்மா எழுந்தார்.

"இந்தா வாறன், அப்பன்," என்றார், பிள்ளைக்குப் பதில் சொல்லும் குரலில். எங்களிடம் அல்ல.

செருப்பில்லாமல் ஈரப்புல்லில் இறங்கி மான்களை நோக்கி நடந்தார். அவை ஓடவில்லை. விலகி வழிவிட்டன. கொஞ்ச நேரத்தில் சின்னம்மாவைக் காணவில்லை. அம்மா பின்னால் ஓடி, கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "அவனும் றோட்டில கோது பொறுக்கி இப்பிடித்தான் ஊதுறவன்," என்று அம்மா மாமாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

சின்னம்மா ஒன்றும் நடக்காததுபோல இருந்து கால்களைத் துடைத்தார்.

"தம்பி, மெல்லிசு பட்டால் என்ன செய்யும்?"

மாமா தயங்கினார். "சில நேரம் உடன விழாது, அக்கா. ஓடிப்போய் எங்கையாவது கிடக்கும். தேடோணும். தேடாமல் விட்டால் அங்க குற்றம்."

"மானையோ?"

"ஓம்."

சின்னம்மா புகாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தடித்த கோதை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடினார்.

"இதையே எடு. விழுந்த இடமாவது தெரியும்."

வீடு வரும்வரை நான் சின்னம்மாவோடு பேசவில்லை. ஒரு வாயில்லாப் பிராணியிடம்கூட இரக்கமில்லாத இவர் எப்படி ஒரு பிள்ளையை வளர்த்திருப்பார் என்று காரின் கண்ணாடிப் பக்கம் திரும்பி அழுதேன்.